என்னைக் கண்டால் ஓட வேண்டும்

குரங்கென்றால் எனக்குப் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இதில் நான் ஒரு குரங்குக் குட்டியை வளர்த்தவனாக வருகிறேன். படிக்கிறவர்கள் என்னைக் கருணாமூர்த்தி என்று நினைத்துக் கும்பிடத் தொடங்கிவிட்டால் பிறகு எனக்குத்தான் சங்கடம்.

கல்யாணமான புதிதில் மனைவியைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் பேரருவிக்குப் போயிருந்தேன். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நின்ற என் கன்னத்தில் ஒரு கடுவன் குரங்கு ஓங்கி அறைந்தது. கையிலிருந்த நேந்திரங்காய் சிப்ஸை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்தேன் என்பது அதன் தரப்பு நியாயம். நான் ஓடிவிட்டேன். துண்டு என்கூட வரவில்லை. அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்த என் மனைவி இன்றைக்கும் விசேஷ வீடுகளில் யாராவது கேட்டால் அதே இடத்தில் மூச்சு முட்டச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவனை விதி குரங்குக் காப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. விதி என்பது ஒரு மரியாதைக்கு. சேர்த்தது என் தொண்டை.

தென்காசியில் ஆட்டோவில் உட்கார்ந்து மைக் பிடித்துப் பேசுவது என் தொழில். ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி, பல் ஆஸ்பத்திரி திறப்பு விழா, சுரண்டையில் பாத்திரக் கண்காட்சி, யாருக்காவது கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றையும் ஒரே உற்சாகத்தோடு சொல்கிறேன் என்று என்மேல் ஒரு புகார் உண்டு. கத்திக் கத்தித் தொண்டையில் முடிச்சு விழுந்தது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு, ஒரு வருஷத்துக்குச் சத்தம்போட்டுப் பேசக் கூடாது என்றார்கள். "உங்க தொண்டைக்கு ரெஸ்ட்டு, எங்க காதுக்கும் ரெஸ்ட்டு" என்றாள் மனைவி. அவள் தம்பிதான் ஐந்தருவிப் பக்கம் ஒரு இடத்தில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது, கேட்டைத் திறந்து மூடினால் போதும் என்று சொன்னான். கேட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உள்ளே குரங்குகள் இருந்தன.

மலையடிவாரத்தில் ஒரு பழைய தோப்பு. ஒரு அறக்கட்டளை அதை வாங்கி, தாயை இழந்த குரங்குக் குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குத் திருப்பி அனுப்புகிற காப்பகமாக நடத்தியது. பொறுப்பாக இருந்தவர் ஒரு கால்நடை மருத்துவர். சுரண்டைக்காரப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என்னை அண்ணாச்சி என்பார், நான் டாக்டரம்மா என்பேன். குரங்குகளுக்குச் சமைக்க இலத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். என் வயதுதான். சமையல் கையில், கேலி வாயில். இந்த இரண்டு பேரோடும் ஏழெட்டுக் கூண்டுகளோடும் என் புதிய உத்தியோகம் தொடங்கியது.

முதல் நாளே டாக்டரம்மா குட்டிகள் இருக்கும் அறையின் சட்டத்தைச் சொன்னார். உள்ளே போகிறவர்கள் சாம்பல் நிற அங்கி ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். முகத்தை மூட வேண்டும். பெயர் வைக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"ஒரு வார்த்தைகூடவா?"

"இருமல் வந்தாக்கூட வெளிய வந்து இருமுங்க, அண்ணாச்சி. பால் குடுக்கிறது மனுசங்கன்னு அதுக்குத் தெரியவே கூடாது. மனுசக் குரல் கேட்டா சாப்பாடு வரும்னு பழகிச்சுன்னா, காட்டுல விட்ட மறுநாள் ரோட்டுல வந்து நிக்கும். ரோட்டுக்கு வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"டாக்டரம்மா, நான் பேசிப் பிழைக்கிறவன்."

"அதான் உங்களை கேட்டுல போட்டிருக்கேன்" என்றார்.

கேட்டில் நான் நிம்மதியாக இருந்தது பதினோரு நாள்.

ஆடி மாதம், சாரல் நன்றாக விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐந்தருவிச் சாலையில் ஒரு குரங்கு அடிபட்டுக் கிடக்கிறது, குட்டி இருக்கிறது என்று போன் வந்தது. டாக்டரம்மா திருநெல்வேலி போயிருந்தார். சமையல்காரர் பைக்கை எடுத்தார். பின்னால் உட்கார ஆள் வேண்டுமே என்று என்னை இழுத்துப்போனார்.

முன்னே போன வேனிலிருந்து யாரோ சிப்ஸை விட்டெறிந்திருக்கிறார்கள். பொறுக்க இறங்கிய மந்தியை, பின்னால் வந்த வேன் அடித்துவிட்டுப் போயிருக்கிறது. சாலை ஓரத்தில் அது மல்லாந்து கிடந்தது. வயிற்றில் குட்டி. அது பால் குடித்துக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் 'ஐயோ பாவம்' என்றார்கள். மீதிப்பேர் போனில் படம் எடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களும் இருந்தார்கள். செத்த மந்தியின் வாய்க்குப் பக்கத்தில் ஒருவர் ஒரு துண்டு அல்வாவை வைத்திருந்தார். கடைசி நேரப் பால் மாதிரி போலிருக்கிறது.

சமையல்காரர் குத்தவைத்து, குட்டியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தாயின் மயிரிலிருந்து பிரித்தார். நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தேன். ஒரு விரலைப் பிரித்தால் பிரித்த விரல் மறுபடி பிடித்துக்கொண்டது. கடைசியில் மொத்தமாகப் பிரித்து எடுத்து, "பிடியும்வே" என்று என் பக்கம் நீட்டினார்.

"நானா?"

"பின்ன, நான் பைக் ஓட்டுவனா இதைத் தூக்குவனா? பிடியும்!"

வாங்கினேன். அது என் சட்டையில் நாலு கையாலும் பாய்ந்து ஒட்டிக்கொண்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் சொன்னதையெல்லாம் மறந்து, "கடிச்சிட்டு! கடிச்சிட்டு!" என்று கத்தினேன். போன்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

"கண்ணைத் தொறந்து பாரும்வே" என்றார் சமையல்காரர்.

திறந்து பார்த்தேன். அது என் சட்டைப் பித்தானைச் சப்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் வந்த டாக்டரம்மா, குட்டிக்கு ஒரு துணிப்பொம்மையைக் கொடுத்தார். பழைய கம்பளியில் தைத்து, உள்ளே வெந்நீர்ப் பை வைத்து, மார்பில் பால் புட்டிக்கு ஓட்டை விட்ட பொம்மை. மற்ற குட்டிகள் அதைத்தான் கட்டிக்கொண்டு வளர்ந்தன. இது பொம்மையைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரம்மா கொடுத்தாலும் குடிக்கவில்லை, சமையல்காரர் கொடுத்தாலும் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் தலை தொங்கிவிட்டது. மூன்றாம் நாள் எனக்கு அங்கியை மாட்டி உள்ளே தள்ளினார்கள். நான் பயத்தில் எட்ட நின்று புட்டியை நீட்டியதில் பாதிப் பால் தரையில் சிந்தியது. மீதிப் பாலை அது குடித்தது.

"அண்ணாச்சி, இனிமே கேட்டுக்கு வேற ஆள் பாத்துக்கிடுதேன்" என்றார் டாக்டரம்மா.

அது, அது என்று எழுதும்போது கை கூசுகிறது. இனி அவள் என்றே எழுதுகிறேன். டாக்டரம்மா படித்தால் படிக்கட்டும்.

மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு ஒரு குட்டிக்குப் பால் கொடுத்திருக்கிறீர்களா? வீட்டில் பேசக் கூடாது, மனைவி எழுதிக் காட்டச் சொல்வாள். ஊரில் பேச முடியாது, "என்ன மைக்கு, சுவிட்சு போச்சா" என்பார்கள். காப்பகத்தில் சட்டம். முதல் இரண்டு வாரம் இருந்துபார்த்தேன். பிறகு ஒருநாள் அவள் புட்டியைத் தட்டிவிட்டபோது வாய் தவறி, "ஏட்டி!" என்றுவிட்டேன். எங்கள் பக்கம் எந்தப் பொம்பளைப் பிள்ளையையும் அப்படித்தான் அதட்டுவோம். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, உதடுகளை 'பப்பப்ப' என்று வேகமாக அடித்தாள். குரங்குப் பாஷையில் அது சிநேகம்.

அங்கே தொடங்கியது என் அழிவு. சத்தம் போடக் கூடாதுதான், குசுகுசுக்கலாமே? மறுநாளிலிருந்து புட்டியை எடுப்பதற்கு முன்னால் அவளுக்கு ஒரு அறிவிப்பு. என் தொழில் ராகத்தில், காற்றுக் குரலில்: "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! இதோ உங்கள் அபிமான பால் புட்டி, இன்று ஒருநாள் மட்டும்!" வாக்கியத்தின் கடைசியை நான் இழுத்து ஏற்றும் இடத்தில் அவள் பப்பப்ப என்பாள். வளர வளர, கண்ணீர் அஞ்சலிக்குப் பால், தள்ளுபடிக்கு வறுத்த கடலை. கடலை சட்டைப் பையில் இருக்கும். கண்ணீர் அஞ்சலிக்குக்கூட முகம் மலர்ந்த ஒரே ஆள் இந்தப் பூமியில் அவள்தான். இத்தனை வருஷத்தில் ஆட்டோவை நிறுத்தி, நின்று கேட்டவர்கள் யாருமில்லை. காதைப் பொத்தியவர்கள் உண்டு. இவள் கேட்டாள். ரசிகை கிடைத்த கலைஞனிடம் போய்ச் சட்டம் பேசினால் எடுபடுமா?

அவளைப் பிறகு இன்னும் இரண்டு பெரிய குட்டிகளோடு சேர்த்தார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பேன் பார்த்தன, சண்டை போட்டன, மரம் ஏறின. தை மாதம் மூன்றையும் மலையில் சற்று மேலே, காட்டுக் குரங்குக் கூட்டம் ஒன்று வந்து போகிற இடத்துக்குப் பக்கத்தில், பெரிய கூண்டுக்கு மாற்றினார்கள். சீசனுக்கு முன்பே, பங்குனியில் திறந்துவிடத் திட்டம். சாரல் தொடங்கிச் சுற்றுலாக் கூட்டம் வருவதற்குள் அவை காட்டோடு ஒட்டிக்கொண்டுவிடும்.

திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். இனிப் பத்து நாள் விரட்டல். நேற்றுவரை சோறு போட்டவர்களே தகரத்தைத் தட்டிக்கொண்டு, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு, பக்கத்தில் கல் விழுகிற மாதிரி எறிந்துகொண்டு உள்ளே போக வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டும், கத்த வேண்டும். குட்டிகள் மனுசன் என்றாலே பதறி ஓட வேண்டும்.

"வெளியாளைக் கூட்டிட்டு வந்து விரட்டலாமே, டாக்டரம்மா?" என்றேன்.

"வெளியாள் விரட்டினா வெளியாளுக்குத்தான் பயப்படும். யாரை நம்புதோ அவங்க விரட்டணும். அப்பத்தான் ஒருத்தரையும் நம்பாது." விரட்டலுக்கென்று ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே, "மேல படாம எறியுங்க. ஆனா முகத்துல சிரிப்பு இருக்கக் கூடாது, அண்ணாச்சி. உங்களுக்குத்தான் சொல்லுதேன்" என்றார்.

சமையல்காரர் தான் ஊட்டி வளர்த்த மற்ற இரண்டையும் ஒரே காலையில் முடித்துவிட்டார். அவர் தலையைக் கண்டாலே இரண்டும் கூண்டின் உச்சிக்குப் போயின. "எனக்கு இது சுளுவா வரும்வே. எங்க வீட்ல எல்லாருக்கும் பழக்கந்தான்" என்றார். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவர் மத்தியானம் வரை வெளியே வரவில்லை.

நான் தகரத்தோடு உள்ளே போனேன். சாலையில் தூக்கிவந்த அன்றைக்குப் பிறகு முகமூடி இல்லாமல் அவள் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தட்டினேன். மற்ற இரண்டும் ஓடின. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இன்னும் பலமாகத் தட்டினேன். இது ஏதோ புது நிகழ்ச்சி என்று நினைத்திருக்க வேண்டும். இறங்கி வந்து, என் பாதத்தின்மேல் உட்கார்ந்து, கால் ரோமத்தில் பேன் தேட ஆரம்பித்தாள். தண்ணீர்க் குழாயை எடுத்தேன். அது என் கையிலேயே இருந்தது. கல்லை எடுத்தேன். அதைக் கீழே போட்டேன். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலு கடலையை எடுத்துக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் டாக்டரம்மா நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"ஓடிச்சா, அண்ணாச்சி?"

"ஓடிச்சு, டாக்டரம்மா."

"உச்சிக்கா?"

"உச்சிக்குத்தான். எனக்கே பாவமாப் போச்சு."

பத்து நாளும் அதே. வெளியே கேட்கிற மாதிரி தகரத்தைத் தட்டுவேன், கத்துவேன். உள்ளே அவள் மடியில் உட்கார்ந்து கடலை தின்பாள். பொய் சொல்லிப் பழகிய தொழில் என்பதால் குரலில் தடுமாற்றமே வரவில்லை. தள்ளுபடி என்று சொல்லி விலையை ஏற்றியவர்களுக்காகப் பேசியவன் நான். ஒரு குரங்குக்காகப் பொய் சொல்ல எனக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. நான் நினைத்தது இதுதான்: மற்ற இரண்டும் ஓடினால் இவளும் கூட ஓடிவிடுவாள், காட்டுக்குப் போனால் எல்லாம் மறந்துவிடும். அவளுக்கு என்மேல் இருக்கிற நினைப்பை மட்டும் நான் ஏன் என் கையாலேயே கெடுக்க வேண்டும்?

பங்குனியில் கூண்டைத் திறந்தார்கள். இரண்டும் பாய்ந்து போயின. அவள் கதவில் உட்கார்ந்து என் பக்கம் பார்த்தாள். டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் கையால் 'போ, போ' என்றேன். போய்விட்டாள். அன்றைக்கு டாக்டரம்மா மாநில எல்லைக் கடையின் பேர்போன பார்டர் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். நான் ஐந்து தின்றேன்.

வைகாசிக் கடைசியில் சாரல் வந்தது. கூடவே வேன்கள், கார்கள், சிப்ஸ், அல்வா, எண்ணெய் தேய்த்த தொந்திகள்.

முதலில் பார்த்தது சமையல்காரர். பேரருவிப் பக்கம் கார் நிறுத்துகிற இடத்தில் மைக் வைத்து அறிவிப்பு சொல்வார்களே, அந்தக் கொட்டகையின் கம்பத்தில், ஒலிபெருக்கிக்கு அடியில், ஒரு இளங்குட்டி தினமும் வந்து உட்கார்கிறது என்றார். கார் கதவைத் திறந்தால் உள்ளே ஏறுகிறதாம். மனுசர் தோளில் உட்காருகிறதாம். மறுநாள் என் போனுக்கே வீடியோ வந்தது. 'குற்றாலத்தில் மைக் கேட்கும் அதிசயக் குரங்கு'. ஒலிபெருக்கியில், "சிவப்புச் சட்டை அணிந்த சிறுவன், எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்" என்று இழுக்கிற இடத்தில் அவள் மேலே பார்த்து உதட்டை அடிக்கிறாள். சுற்றி நிற்பவர்கள் கைதட்டி ஆளுக்கொரு சிப்ஸ் கொடுக்கிறார்கள்.

"எனக்கு ஒண்ணுதான் விளங்கலை" என்றார் டாக்டரம்மா, அதே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு. "பத்து நாளும் உச்சிக்கு ஓடின குட்டி. எதுக்கு ஸ்பீக்கர் கீழ போய் உக்காருது?"

கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அங்கேயே ஓய்வுபெற்றுவிடலாமா என்று யோசித்தேன். சமையல்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"என்னவே, உள்ள குடி வந்துட்டீரா? ஒரு பிள்ளையைக் கீறிட்டாம். சாக்லேட்டைப் பிடுங்கையில நகம் பட்டுட்டு. திங்கக்கெழமை வனத்துறைக்காரங்க கூண்டு வச்சுப் பிடிக்கப் போறாங்களாம்."

வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏட்டி, அறிவிப்பு, கடலை, பத்து நாள் தகரம். டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டை எடுத்து, அந்தப் பத்து நாள் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"மனுசங்க மேல ஏறுற குரங்கைத் திருப்பிக் காட்டுல விடமாட்டாங்க. பிடிச்சாக் கடைசி வரைக்கும் கூண்டுதான். இன்னும் இருபது வருசத்துக்கு மேல உயிரோட இருக்கும்." அவர் குரல் உயரவேயில்லை. "நாளைக்கு ஞாயித்துக்கெழமை. ஒரு நாள் இருக்கு. நீங்கதான் விரட்டணும், அண்ணாச்சி. அந்த எடத்துலயே. அந்த மைக்குலயே."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சொல்லத் தேவையில்லை. கொட்டகையில் அறிவிப்பு சொல்கிறவர் என் தொழில்காரர்தான். "என்ன அண்ணாச்சி, தொண்டை சரியாயிட்டா?" என்று இடம் விட்டார். மைக்கைக் கையில் வாங்கினேன். இடது பையில் மூன்று கல், காலடியில் தகரமும் ஒரு வாளித் தண்ணீரும். இந்த நேரத்திலும், மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்பதைக் கை தானாகவே சரிபார்த்தது.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே!"

ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பிறகு மைக்கில் என் சொந்தக் குரல் மலையில் மோதித் திரும்பியது. ஒரு காரின் கூரையில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் காருக்குக் கார் தாவி வந்தாள். கொட்டகையின் முன்னால் தரையில் குதித்து, என்னை அண்ணாந்து பார்த்து, பப்பப்ப என்று உதட்டை அடித்தாள். கூட்டம், 'ஏ பாரு, பாரு' என்றது. போன்கள் எழும்பின.

தகரத்தைத் தட்டினேன். அவளுக்குத் தெரிந்த விளையாட்டுதானே, இன்னும் கிட்டே வந்தாள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். உதறிக்கொண்டு வந்து என் பாதத்தில் கை வைத்தாள். என் சட்டைப் பையை எட்டிப் பார்த்தாள்.

"போட்டீ!" என்று மைக்கில் கத்தினேன். தொண்டையில் ஏதோ கிழிந்தது. "போ! போ நாயே!" என் குரல் பத்து ஒலிபெருக்கியிலும் கத்தியது. அவள் இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள். பக்கத்திலிருந்த காரின் டயரைக் குறிபார்த்துக் கல்லை எறிந்தேன். சின்ன வயசில் மாங்காய்க்கு எறிந்த கல் ஒன்றுகூட மாங்காயில் பட்டதில்லை. அந்தக் கை, டயரை விட்டுவிட்டு அவள் தோளில் எறிந்தது.

கீச் என்றாள். ஓடவில்லை. தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ஏய், வாயில்லா ஜீவனைப் போய் அடிக்கான் பாரு!"

"நீயெல்லாம் மனுசனாய்யா?"

சிப்ஸ் பாக்கெட்டோடு நின்ற ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். "பாவம், அது என்னய்யா செஞ்சுது உன்னை? இங்க வா செல்லம், இந்தா" என்று இன்னொரு கையால் அவளுக்குச் சிப்ஸை நீட்டினார். அவள் அவரிடம் போகத் திரும்பினாள். போயிருந்தால் திங்கட்கிழமைக் கூண்டு. நான் அவர் கையைத் தட்டிவிட்டேன், மைக்கைப் போடாமலே அவளை நோக்கி ஓடினேன், ஒயர் இழுத்தது, விழுந்தேன். விழுந்தபடியே இரண்டாவது கல்லை எறிந்தேன். இந்தக் கல்லைக் குறிபார்த்துத்தான் எறிந்தேன். பட்டது. என்னவெல்லாமோ கெட்ட வார்த்தைகளைக் கத்தினேன், அவை அத்தனையும் பெண்களும் குழந்தைகளும் நின்ற அந்த இடம் முழுக்க ஒலித்தன. அவள் பல்லைக் காட்டினாள். முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். கம்பத்தில் ஏறி, கூரைக்குத் தாவி, மரத்துக்குத் தாவி, மேலே மேலே போனாள். ஒலிபெருக்கியில் நான் கத்திக்கொண்டே இருந்தேன். யாரோ என் முதுகில் செருப்பால் அடித்தார்கள். என் தொழில்காரர் சுவிட்சை அணைத்தார்.

வீடியோவுக்குத் தலைப்பு, 'குரங்கைக் கல்லால் அடித்த கொடூரன்'. தென்காசியில் டீக்கடையில் என் முகத்துக்கு நேராகக் காட்டினார்கள். மனைவி சோறு போடும்போது, "இதுக்கு நீங்க துண்டில்லாம ஓடுன வீடியோவா இருந்திருக்கலாம்" என்றாள். அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுப்பவர்களும் பார்த்திருக்கிறார்கள். மிருகவதை செய்த ஆளை வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா போய் இரண்டு மணி நேரம் வாதாடினாராம். "நடந்ததை அப்படியே சொன்னேன், அண்ணாச்சி. வீடியோவுல அது இல்லைன்னுட்டாங்க" என்றார். திங்கட்கிழமை வைத்த கூண்டில் எதுவும் விழவில்லை. சீசன் முடியும் வரை அவள் கீழே வரவில்லை. அடிபட்ட தோளோடு எங்கேயாவது செத்துக் கிடக்கிறாளோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. குரலும் வரவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி.

ஐப்பசியில் சமையல்காரர் வீட்டுக்கு வந்தார். "மேல ஒரு கூட்டத்தைப் பார்த்தேன்வே. வாரீரா?" என்றார்.

மழை விட்டிருந்தது. பாறைச் சரிவில் ஏறி ஒரு வளைவில் நின்றோம். எதிரே ஒரு பெரிய மரத்தில் இருபது முப்பது இருக்கும். ஓரத்துக் கிளையில் ஒரு கிழட்டு மந்தி உட்கார்ந்திருந்தது. ஒரு இளங்குட்டி அதற்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குட்டியின் தோளில் இரண்டு விரல் அகலத்துக்கு மயிர் முளைக்காத இடம்.

"அவதானா?" என்று மிக மெதுவாகத்தான் கேட்டேன்.

அவள் திரும்பினாள். என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். சிறுத்தையைக் கண்டால் குரங்குகள் கூட்டத்துக்குக் கொடுக்கிற எச்சரிக்கை அது. தாய்கள் குட்டிகளை வாரி வயிற்றில் ஒட்டிக்கொண்டன. கடுவன்கள் கிளையை உலுக்கின. மொத்தக் கூட்டமும் மேலே ஏறியது. அவள் மட்டும் கடைசியாக நின்று, என்னைக் காட்டிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்காவே" என்றார் சமையல்காரர். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் நிற்க ஆசைதான். நான் அங்கே நிற்கிற வரைக்கும் அவள் நிறுத்தமாட்டாள் என்று தெரிந்ததால் இறங்கிவிட்டேன்.